உகாண்டாவுக்கு வேலைக்கு போறவங்க எத நம்பி போகணும்: மாத்திரையா, கொசுவலையா, இல்ல வந்தா பாத்துக்கலாமா?

நம்ம கரைல மீன் கம்பெனி, இறால் கம்பெனி, ஐஸ் பிளாண்ட்னு வேலை பாத்து கை தேறின பசங்கள்ல கொஞ்ச பேரு இப்ப உகாண்டா, தான்சானியா பக்கம் கெளம்புறாங்க. விக்டோரியா ஏரி ஓரத்துல நைல் பெர்ச் மீன வெட்டி ஃபில்லட் போட்டு ஐரோப்பாவுக்கு அனுப்புற ஃபேக்டரிங்க இருக்கு, அங்க தரம் பாக்க, லைன பாக்க, கோல்டு ஸ்டோரேஜ் பாக்க ஆளு கேக்குறாங்க. நானும் உகாண்டால எண்டபே பக்கம் அப்படி ஒரு கம்பெனில இருந்துட்டு வந்தவங்கறதால மண்டபம், பெரியபட்டினம், தொண்டின்னு யாருக்கு விசா வந்தாலும் ஒரு வார்த்தை கேட்டுட்டுதான் போறாங்க. சம்பளம் எவ்வளவு, சாப்பாடு எப்படி, சனம் எப்படின்னு எல்லாம் கேட்டு முடிச்சிட்டு கடைசில, அதுவும் பையனோட அம்மா பக்கத்துல இருந்தா மட்டும், "அங்க ஏதோ காய்ச்சல்னு சொல்றாங்களே தம்பி, அதுக்கு என்ன பண்றது"ன்னு ஒரு கேள்வி வரும். அந்த காய்ச்சல்தான் மலேரியா. மொதல்ல கேக்க வேண்டியதே அதுதான், அதனால அத மொதல்ல நீளமா எழுதுறேன், தண்ணி, ஊசி, இன்சூரன்ஸ்னு மத்தத பின்னாடி சேத்திருக்கேன்.

"நமக்கென்னப்பா, ராமேஸ்வரத்துல பாக்காத மலேரியாவா"ன்னு பெரியவங்களே சொல்றாங்க, இது எனக்கு பயமா இருக்கு. நம்ம தீவுல மலேரியா இருந்தது உண்மை. சவுக்கு தோப்புலயும் தென்னந்தோப்புலயும் கன்னுக்கு ஊத்த தோண்டி விடுற குழித் தண்ணில அனோபிலஸ் கொசு முட்டை வைக்குதுன்னு ஆராய்ச்சிக்காரங்க வந்து பாத்து எழுதியே வச்சிருக்காங்க. ஆனா நம்ம பக்கம் பெரும்பாலும் வந்தது வைவாக்ஸ் வகை. அது ஆள குளிர்ல போட்டு ஆட்டும், ஈரல்ல பதுங்கி இருந்து சில மாசம் கழிச்சு திரும்ப வரும், ஆனா உயிர எடுக்கறது கம்மி. உகாண்டால வர்றதுல நூத்துக்கு தொண்ணூறுக்கு மேல ஃபால்சிபாரம்ங்கற வகை. அது மூளைக்கு போகும், கிட்னிக்கு போகும், காலைல வேலைக்கு வந்த ஆளு அடுத்த நாள் ராத்திரி நினைவில்லாம கெடக்கலாம். ரெண்டுக்கும் பேரு மலேரியாதான், ஆனா ஒண்ணுல தப்பிச்சது இன்னொண்ணுக்கு துணை வராது.

அடுத்து "அங்க உள்ள சனம் மாத்திரை போட்டுக்கிட்டா இருக்கு"ன்னு கேப்பாங்க. அங்கேயே பொறந்து வளந்த பெரியவங்களுக்கு சின்ன வயசுல இருந்து திரும்பத் திரும்ப கடிபட்டு பாதி எதிர்ப்பு சக்தி வந்திருக்கும், அதுக்கு அந்த ஊரு குடுத்த வெல என்னன்னா அஞ்சு வயசுக்குள்ள செத்துப்போன புள்ளைங்க. நமக்கு அந்த பாதியும் கெடையாது, நம்ம ஒடம்பு அந்த கிருமிய பொறுத்தவரைக்கும் கைக்குழந்தை ஒடம்பு மாதிரிதான். இப்ப தடுப்பூசி வந்துடுச்சே, புனேல கூட தயாரிக்கிறாங்களேன்னு ஒரு தம்பி கேட்டான். அது அங்க இருக்க சின்ன புள்ளைங்களுக்கு போடுறது, வேலைக்கு போற பெரிய ஆளுங்களுக்கு கெடையாது.

சரி, என்ன என்ன வழி இருக்குன்னு பாப்போம். நம்ம பசங்க அதிகமா தேர்ந்தெடுக்குறது செலவே இல்லாத வழி, அதாவது ஒண்ணும் பண்ணாம போறது, காய்ச்சல் வந்தா கம்பெனி பாத்துக்கும், கோஆர்ட்டம் போட்டா சரியாயிடும். கோஆர்ட்டம்ங்கறது ஆர்ட்டிமெத்தர் லூமிஃபான்ட்ரின் மாத்திரை, பெரியவங்களுக்கு ஒரு வேளைக்கு நாலு வீதம் மூணு நாள்ல ஆறு வேளை, மொத்தம் 24 மாத்திரை, பால் இல்லன்னா கொழுப்பு இருக்க சாப்பாட்டோட போட்டாதான் ஒடம்புல சேரும். நல்ல மருந்துதான், உகாண்டால எல்லா எடத்துலயும் கெடைக்கும். பிரச்சினை மருந்துல இல்ல, நம்ம பசங்க நடந்துக்குற விதத்துல இருக்கு. மொத நாள் காய்ச்சலுக்கு பாராசிட்டமால் போட்டுட்டு ஷிப்டுக்கு போவான், ரெண்டாவது நாள் யாராவது ஊசி போடுற கிளினிக் இருக்கான்னு தேடுவான், மூணாவது நாள்தான் டெஸ்டுக்கு ரத்தம் குடுப்பான், ஃபால்சிபாரத்துக்கு அந்த மூணு நாளே போதும். ரெண்டு வேளை போட்டதும் காய்ச்சல் விட்டுருச்சுன்னு மிச்சத்த நிறுத்திடறவனும் இருக்கான். இதுல இன்னொரு கவலையும் சேந்திருக்கு, உகாண்டாலயும் அக்கம்பக்கத்து நாடுகள்லயும் ஆர்ட்டிமிசினின் மருந்துக்கு கொஞ்சம் கொஞ்சமா அடங்காத கிருமி தலைகாட்ட ஆரம்பிச்சிருக்குன்னு உறுதியாயிருக்கு, இன்னும் கூட்டு மருந்து வேலை செய்யுது, ஆனா "மருந்துதான் இருக்கே"ன்னு சாஞ்சு உக்கார்ற காலம் இது இல்ல. இந்த வழிய நான் யாருக்கும் சொல்ல மாட்டேன், பணம் மிச்சம்னு நெனச்சு போறவன் ஐசியூ பில்ல பாத்தா தெரியும்.

ரெண்டாவது வழி தடுப்பு மாத்திரை. இதுல மூணு வகை இருக்கு, மூணும் டாக்டர் சீட்டுல வாங்க வேண்டியது, நான் சொல்றது எதுக்கு என்ன கேக்கணும்ங்கறதுக்கு மட்டும். டாக்ஸிசைக்ளின் 100 மில்லிகிராம் தெனம் ஒண்ணு, கெளம்புறதுக்கு ஒண்ணு ரெண்டு நாள் முன்னாடி ஆரம்பிச்சு திரும்பி வந்து நாலு வாரம் வரைக்கும் போடணும். வெல ரொம்ப கம்மி, ராமநாதபுரத்துல எந்த மெடிக்கல்லயும் கெடைக்கும். ஆனா வெயில் பட்டா தோல் வெந்து செவக்கும், ஏரிக்கரைல எறங்குதளத்துல நின்னு மீன் எடை போட்டு வாங்குற வேலைன்னா இது தாங்காது, ஃபேக்டரி உள்ள ஐசுக்குள்ளேயே நிக்கிற வேலைன்னா பிரச்சினை இல்ல. அப்புறம் வெறும் வாய்ல முழுங்கிட்டு ஒடனே படுக்கக்கூடாது, மாத்திரை தொண்டைக்குழிக்கு கீழ ஒட்டிக்கிட்டு புண்ணாக்கிடும், ஒரு டம்ளர் நெறைய தண்ணி குடிச்சிட்டு கொஞ்ச நேரம் நிமுந்து உக்காரணும். கர்ப்பிணிக்கும் எட்டு வயசுக்கு கொறஞ்ச புள்ளைக்கும் இது ஆகாது.

மெஃப்ளோகுயின் வாரத்துக்கு ஒண்ணு, 250 மில்லிகிராம். ரெண்டு மூணு வாரம் முன்னாடியே ஆரம்பிக்கணும், திரும்பி வந்தும் நாலு வாரம். வாரத்துக்கு ஒண்ணுங்கறது கேக்க சுகமா இருக்கு, நீண்ட நாள் தங்குறவங்களுக்கு நம்ம நாட்டு மலேரியா வழிகாட்டில சொல்லியிருக்கறதும் இதுதான், ஆறு வாரம் வரைக்கும் டாக்ஸிசைக்ளின், அதுக்கு மேலன்னா மெஃப்ளோகுயின். ஆனா இது சில பேருக்கு மனச கலக்கும். கெட்ட கனவு, தூக்கமில்லாம போறது, காரணமே இல்லாத பயம், தலைசுத்தல். 2013ல அமெரிக்க மருந்து நிர்வாகம் இந்த மருந்து பெட்டி மேலயே கடுமையான எச்சரிக்கை போட வச்சது, தலைசுத்தல் சில பேருக்கு மருந்த நிறுத்தின பின்னாடியும் போகாம இருக்கலாம்னு. வலிப்பு, மனச்சோர்வு வந்த ஆளு இத தொடவே கூடாது. நம்ம பசங்க இத மறைப்பாங்க, மனசு சம்பந்தமா எப்பவாச்சும் மாத்திரை சாப்ட்டிருந்தா அத சொன்னா வேலை போயிடும்னு நெனைப்பாங்க. டாக்டர்கிட்ட மட்டும் சொல்லிடுங்கப்பா, அவரு உங்க கம்பெனிக்கு போன் பண்ணப் போறதில்ல. பாண்ட்சாங்கற மெஷின் ரம்பத்துல மீன் அறுக்குற வேலைன்னா தலைசுத்தல் வர வாய்ப்பிருக்க மருந்து எனக்கு சரியா படல, வெரல் போயிடும். மூணு வாரம் முன்னாடி ஆரம்பிக்கறதுல ஒரு நல்லது என்னன்னா, ஒத்துக்கலன்னா அது ஊர்ல வீட்ல இருக்கும்போதே தெரிஞ்சிடும், மாத்திக்கலாம்.

மூணாவது அட்டோவாகுவோன் புரோகுவானில், மலரோன்னு சொல்வாங்க. தெனம் ஒண்ணு, ஒண்ணு ரெண்டு நாள் முன்னாடி ஆரம்பிச்சா போதும், திரும்பி வந்து ஏழு நாள்ல நிறுத்திடலாம். மூணுல பக்கவெளைவு கம்மி இதுலதான். கிட்னி ரொம்ப பழுதான ஆளுக்கு ஆகாது. வெலதான் கையக் கடிக்கும், நம்ம ஊரு மெடிக்கல்ல எடுத்தும் வச்சிருக்க மாட்டாங்க, முன்னாடியே சொல்லி வரவழைக்கணும். ரெண்டு வாரம் மூணு வாரம் போயிட்டு வர்றவங்களுக்கு இத விட நல்லது இல்ல. கீழக்கரைல இருந்து ரத்தினக் கல் பாக்க கெழக்கு ஆப்பிரிக்கா பக்கம் போற வியாபாரிங்க சுரங்கத்து பக்கமெல்லாம் போய் ராத்தங்க வேண்டி வரும், அவங்க காசு பாக்காம இதத்தான் வாங்கணும், ஒரு கல்லுல வர்ற லாபத்துல இது ஒண்ணுமே இல்ல. ரெண்டு வருஷ கான்ட்ராக்டுல போற பையன் தெனம் இத போடுறதுன்னா சம்பளத்துல ஒரு நல்ல பங்கு போயிடும்.

குளோரோகுயின் எடுத்துட்டு போலாமான்னு இன்னும் கேக்குறாங்க, அந்த காலத்துல நம்ம பக்கம் அதத்தான் குடுத்தாங்கங்கறதால. ஆப்பிரிக்கா ஃபால்சிபாரம் அதுக்கு அடங்காம ரொம்ப வருஷமாச்சு, வேண்டாம்.

இப்ப வல. எனக்கு இதுல தனி நம்பிக்கை. அனோபிலஸ் கடிக்கிறது அந்தி சாஞ்சதுல இருந்து விடியுற வரைக்கும், அதுலயும் ஊரு தூங்குற நேரத்துல அதிகம், அந்த நேரம் முழுக்க நாம ஒரே எடத்துல படுத்திருக்கோம், அந்த எடத்த மூடிட்டா பெரும்பகுதி முடிஞ்சுது. மருந்து ஏத்தின வல வேணும், மூணு வருஷம் அல்லது இருபது தொவைப்பு வரைக்கும் மருந்து நிக்கிற மாதிரி செய்யிற வலைங்க இருக்கு, அது கொசுவ தடுக்கறது மட்டுமில்ல, வந்து உக்காந்தா கொன்னுடும். சாதா வலைல கை பட்டு படுத்தா வலைக்கு வெளில இருந்தே கடிக்கும். வல கட்டத் தெரியாதவங்களா நாம, ஒரு கண்ணி அறுந்தா அதுவழியா என்ன போகும்னு நமக்கு சொல்லித்தரணுமா, அதே கண்ணோட கொசுவலைய வாரத்துக்கு ஒருதடவை வெளிச்சத்துல பிடிச்சு பாத்து கிழிசல தச்சிடுங்க, ஓரத்த மெத்தைக்கு அடில சொருகிட்டு படுங்க. கம்பெனி குவாட்டர்ஸ்ல பங்க் கட்டில்ல மேல படுக்கறவன் வல கட்ட முடியலன்னு சொல்வான். போனதும் மொத நாளே கீழ் பெர்த் கேளுங்க, இல்லன்னா சுவத்துல ஆணி அடிக்க அனுமதி கேளுங்க, சம்பளம் பேசறத விட இது முக்கியம்.

வல ஒண்ணே போதுமான்னா போதாது. நைட் ஷிப்ட் இருக்கு, சாயந்தரம் வெளில உக்காந்து பேசறது இருக்கு. முழுக்கை சட்ட, முழு பேன்ட், அப்புறம் தடவுற மருந்து. ஓடோமாஸ் நாலு டியூப் வாங்கிட்டு போயிடறாங்க, அது கெட்டதில்ல, ஆனா சில மணி நேரந்தான், மறுபடி தடவணும்னு யாருக்கும் ஞாபகம் இருக்காது. டீட் அல்லது பிகாரிடின் 20 சதவீதத்துக்கு மேல இருக்க ஸ்பிரே அதிக நேரம் நிக்கும். கொசுவத்தி சுருள், பிளக்ல சொருகுற லிக்விட் எல்லாம் கூடவே இருந்தா நல்லது, கரண்ட் போனா லிக்விட் வேலை செய்யாது, கதவு தெறந்து கெடந்தா சுருள் புகை நமக்குத்தான்.

அப்ப நான் எத சொல்றேன். ரெண்டு வருஷம் போற பையனுக்கு: வல மொதல்ல, அது பேரம் பேச முடியாத செலவு. மாத்திரைய மொத ஆறு மாசத்துக்காவது விடாம போடுங்க, ஏன்னா அந்த ஊரு பழகாத நேரம் அதுதான், எந்த கிளினிக் நல்லது, ராத்திரி வண்டி எங்க கெடைக்கும்னு தெரியாத நேரமும் அதுதான். அதுக்கு மேல தொடர்றதா, மார்ச்ல இருந்து மேயும் செப்டம்பர்ல இருந்து நவம்பரும் வர்ற மழை மாசத்துக்கு மட்டும் வச்சுக்கறதான்னு அங்க ஒரு நல்ல டாக்டர்கிட்ட பேசி முடிவு பண்ணுங்க, தானா நிறுத்தாதீங்க. முடிஞ்சவங்க முழுசா போட்டா அது இன்னும் நல்லது. கூடவே காய்ச்சல் வந்தா 24 மணி நேரத்துக்குள்ள ரத்தம் பாக்கணும்ங்கறத ரூம்ல இருக்க எல்லாரும் சேந்து பேசி வச்சுக்கங்க. வெரல்ல குத்தி கால் மணி இருபது நிமிஷத்துல சொல்ற டெஸ்ட் கிட் ரெண்டு மூணு ரூம்ல கெடக்கட்டும். அதுல நெகட்டிவ் வந்து காய்ச்சல் இருந்தா மறுநாளும் பாருங்க. கொசு கடிச்சு கொறஞ்சது ஏழு நாளாவது ஆகாம மலேரியா வெளில வராது, அதனால எறங்கின மூணாவது நாளே காய்ச்சல்னா வேற ஏதோ, அதுக்கும் டாக்டர்கிட்ட போகணும். கருப்பா மூத்திரம், ஒளறல், வலிப்பு, நிக்காத வாந்தி, கண்ணு மஞ்சளாறது, இதுல ஒண்ணு இருந்தாலும் மாத்திரை போட்டுட்டு படுக்கற நேரம் இல்ல, நரம்புல ஆர்ட்டிசுனேட் மருந்து ஏத்துற ஆஸ்பத்திரிக்கு போகணும். தனியா ரூம் எடுத்து தங்கறதா கம்பெனி குவாட்டர்ஸா, எதுன்னு கேக்குறவங்களுக்கும் என் பதில் இதுல இருந்துதான் வருது. மொத வருஷம் நாலு பேரோட இருங்க, ஏன்னா மூளைக்கு ஏறின மலேரியாவுல தனக்கு முடியலன்னு அந்த ஆளுக்கே தெரியாது, பக்கத்து கட்டில்காரன்தான் பாக்கணும்.

கல்யாணமானவங்க பொண்டாட்டி புள்ளைய கூட்டிட்டு போறதுன்னா வேற கணக்கு. மாசமா இருக்கற பொண்ணு போகவே வேண்டாம், கர்ப்பத்துல ஃபால்சிபாரம் வந்தா தாய்க்கும் ஆபத்து கருவுக்கும் ஆபத்து. கைப்புள்ளையோட போறதும் நல்லதில்ல. நீங்க மொதல்ல போய் வீட்டு ஜன்னலுக்கு வல அடிச்சு, ஆஸ்பத்திரி பாத்து வச்சிட்டு, அப்புறம் கூப்பிடுங்க.

தண்ணி விஷயத்துல நம்ம கரைக்காரங்களுக்குன்னே ஒரு ஆபத்து இருக்கு. நாம நாக்க வச்சு தண்ணிய எடை போட்டு பழகினவங்க. உப்பு கரிச்சா கெட்ட தண்ணி, இனிப்பா இருந்தா நல்ல தண்ணி, ஊத்து தோண்டி கொட்டாங்குச்சில மோந்து குடத்துல ஊத்தின காலத்துல இருந்து அப்படித்தான். விக்டோரியா ஏரி தண்ணி இனிப்பா இருக்கும், கடல் மாதிரி விரிஞ்சு கெடக்குற எடத்துல குடிதண்ணி நிக்குதேன்னு பாக்கறப்ப மனசு நெறையும். டைபாய்டும் காலராவும் நாக்குக்கு தெரியாது. பாட்டில் தண்ணி மொத வாரத்துக்கு நல்லது, சீல் பாத்து வாங்கணும், ரெண்டு வருஷத்துக்கு கட்டுப்படியாகாது. குளோரின் மாத்திரை போட்டு அரை மணி நேரம் வச்சா பாக்டீரியா சாகும், ஆனா கிரிப்டோஸ்போரிடியம்னு ஒரு வயித்துப்போக்கு கிருமி அதுக்கு சாகாது, பயணத்துக்கு மட்டும் வச்சுக்கலாம். ரூம்ல தங்கி இருக்கறவனுக்கு கொதிக்க வைக்கறதுதான் வழி, கொப்புளிச்சு ஒரு நிமிஷம் கொதிச்சா போதும், கம்பாலா 1,200 மீட்டர் ஒசரம்னாலும் அதே ஒரு நிமிஷந்தான். எலக்ட்ரிக் கெட்டில் ஒண்ணு வாங்கிடுங்க. அந்த தண்ணிலயே பல்லு வெளக்குங்க, ஐஸ் போட்ட ஜூஸ் வேண்டாம். ரோட்டோரத்துல சப்பாத்தில முட்டை வச்சு சுருட்டி ரோலெக்ஸ்னு விப்பான், கண்ணு முன்னாடி சூடா போட்டு குடுத்தா தாராளமா சாப்பிடுங்க, அதுகூட தர்ற பச்ச தக்காளிய மட்டும் எடுத்துடுங்க. வயிறு போனா ஓஆர்எஸ், பாக்கெட் இல்லன்னா ஒரு லிட்டர் கொதிச்சு ஆறின தண்ணிக்கு ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, தலைதட்டி அளந்து போடணும், உப்பு கூடக்கூடாது.

அதே ஏரில நீந்தறது. இத நான் எல்லார்கிட்டயும் சொல்றேன், ஏன்னா நம்ம பசங்க தண்ணிய கண்டா நிக்க மாட்டாங்க, பாம்பன் பக்கம் பொறந்தவனுக்கு ஏரில என்ன பயம். கடல்ல இல்லாத ஒண்ணு அங்க இருக்கு. நல்ல தண்ணி நத்தைல இருந்து வெளில வர்ற புழு, கண்ணுக்கு தெரியாது, தோலத் தொளைச்சு உள்ள போயிடும், பில்ஹார்சியான்னு பேரு. ஒடனே ஒண்ணும் தெரியாம போகலாம், வருஷக்கணக்குல ஈரலும் கொடலும் பழுதாகும். முழங்கால் தண்ணில நின்னாலும் வரும். அங்க ரப்பர் பூட்ஸ் போட்டு எறங்கறதுக்கு காரணம் இருக்கு. எறங்கிட்டவங்க ரெண்டு மூணு மாசம் கழிச்சு டெஸ்ட் பண்ணிக்கங்க, பிராசிகுவான்டல் மாத்திரைல தீர்ற நோய்தான். குளிக்கிற ஆசைக்கு நல்லா குளோரின் போட்ட நீச்சல் குளம் இருக்கு. தொவைச்ச துணிய வெளில காயப்போட்டா அயர்ன் பண்ணிட்டுதான் போடணும், டும்பு ஈன்னு ஒண்ணு ஈரத்துணில முட்டை வச்சிட்டு போகும், புழு தோலுக்குள்ள கட்டியா வளரும்.

அங்க போடா போடான்னு பைக் டாக்ஸி ஓடும். கார் டாக்ஸியோட பாதி காசு கூட ஆகாது, டிராபிக்ல சந்து பொந்துல போயிடும். ஆனா ஆப்பிரிக்கால வெளியூர்க்காரன் சாகறதுக்கும் கை கால் போறதுக்கும் ரோடு ஒரு பெரிய காரணம். ராத்திரில, மழைல, ஹெல்மெட் இல்லாம ஏறவே ஏறாதீங்க. செயலில புக் பண்ணா ஹெல்மெட்டோட வர்ற வண்டி கம்பாலால இருக்கு. ராத்திரி ஷிப்ட் முடிஞ்சா கம்பெனி வண்டி தருவாங்களான்னு ஆஃபர் லெட்டர் வாங்கும்போதே கேளுங்க.

ஊசிக்கு வருவோம். மஞ்சள் காய்ச்சல் ஊசி போட்ட அட்டை இல்லாம உகாண்டாவுக்குள்ள விடமாட்டாங்க, திரும்பி வரும்போது நம்ம நாட்டுலயும் கேப்பாங்க, இல்லன்னா ஆறு நாள் வரைக்கும் தனியா வைக்கலாம். கண்ட ஆஸ்பத்திரில போட்டா செல்லாது, அரசு அங்கீகரிச்ச மையத்துல மட்டும். சென்னைல கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டும் துறைமுக சுகாதார அலுவலகமும் இருக்கு, தூத்துக்குடி துறைமுகத்துலயும் இருக்கு. நம்ம கரைக்கு தூத்துக்குடிதான் தோது, சாயல்குடி வழியா பஸ்ல போயிட்டு அன்னைக்கே திரும்பிடலாம், ஆனா எல்லா நாளும் போட மாட்டாங்க, முன்னாடி போன் பண்ணி நாள் வாங்கிட்டு பாஸ்போர்ட்டோட போங்க. சென்னைல விசா வேலை வேற ஏதாவது இருந்தா ரெண்டையும் சேத்து முடிச்சிடலாம். போட்டு பத்து நாள் கழிச்சுதான் அட்டை செல்லுபடியாகும், டிக்கெட் போட்டப்புறம் ஓடாதீங்க. 2016 ஜூலைல இருந்து ஒருதடவை போட்டா ஆயுசுக்கும் செல்லும், புதுப்பிக்கணும்னு யாராவது காசு கேட்டா குடுக்காதீங்க. முட்டை கடுமையா ஒத்துக்காதவங்க, எதிர்ப்பு சக்தி கொறைஞ்சவங்க, அறுபது வயசுக்கு மேல உள்ளவங்க அங்க டாக்டர்கிட்ட சொல்லி, போடலாமான்னு கேட்டுட்டுதான் போடணும். அதோட டைபாய்டு, ஹெபடைட்டிஸ் ஏ, பி, டெட்டனஸ் பாத்துக்கங்க. நாய் கடிச்சா அங்கேயும் அதே ரேபிஸ்தான், சோப்பு போட்டு பதினஞ்சு நிமிஷம் ஓடுற தண்ணில கழுவிட்டு அன்னைக்கே ஊசி.

இன்னொண்ணு, இத கூச்சப்படாம சொல்றேன். உகாண்டால பெரியவங்கள்ல நூத்துக்கு அஞ்சு பேர் அளவுக்கு எச்ஐவி இருக்கு. ஆணுறை, கிளினிக்ல புது சிரிஞ்ச் பிரிச்சு போடுறாங்களான்னு பாக்கறது, சலூன்ல புது பிளேடு. ஏதாவது நடந்துடுச்சுன்னா 72 மணி நேரத்துக்குள்ள தடுப்பு மருந்து ஆரம்பிக்கலாம், வெட்கத்துல அந்த மூணு நாள விட்டுடாதீங்க.

இன்சூரன்ஸ்ல கல்ஃபு அனுபவத்த வச்சு ஏமாந்துடாதீங்க. ஈசிஆர் பாஸ்போர்ட்ல, அதாவது சில நாட்டுக்கு வேலைக்கு போக அரசு அனுமதி வாங்கணும்ங்கற பாஸ்போர்ட்ல, சவுதி, கத்தார், துபாய் போறவங்களுக்கு பிரவாசி பாரதிய பீமா யோஜனா கட்டாயம், ஏஜென்டே போட்டுடுவாரு. அந்த அனுமதி வேணும்ங்கற 18 நாட்டு பட்டியல்ல உகாண்டா கெடையாது, அதனால யாரும் தானா போட்டுத்தர மாட்டாங்க. ஊர்ல எடுக்குற டிராவல் பாலிசி பெரும்பாலும் சுத்திப்பாக்க போறவங்களுக்கு, வேலைக்கு போறவனுக்கு, அதுவும் ரெண்டு வருஷத்துக்கு, செல்லாம போகலாம், பைக்ல விழுந்தா குடுப்பாங்களான்னு படிச்சு பாருங்க. கம்பெனி மெடிக்கல் இருந்தா எந்த ஆஸ்பத்திரி, எவ்வளவு வரைக்கும், நைரோபிக்கு தூக்கிட்டு போகணும்னா செலவு யாருதுன்னு எழுத்துல வாங்குங்க. நைரோபில இருந்து அம்ரெஃப் ஃபிளையிங் டாக்டர்ஸ் விமானத்துல வந்து நோயாளிய எடுத்துட்டு போற வசதி இருக்கு, அதுக்கு உறுப்பினர் திட்டமும் இருக்கு, கம்பெனி தரலன்னா சொந்த காசுல சேர்றது மலரோன் வாங்குற செலவ விட எனக்கு நியாயமா படுது. போனதும் கம்பாலா இந்திய தூதரகத்துல பதிஞ்சு வச்சுக்கங்க.

கடைசியா ஊருக்கு லீவுல வர்றப்ப. வீட்டுக்கு வந்தாச்சு, இனி என்னன்னு மாத்திரைய நிறுத்தாதீங்க, டாக்ஸிசைக்ளினோ மெஃப்ளோகுயினோ நாலு வாரம் பாக்கி இருக்கு. ஃபால்சிபாரம் பெரும்பாலும் மூணு மாசத்துக்குள்ள வெளில வரும், அதுக்கு அப்புறமும் வரலாம். இங்க காய்ச்சல்னு போனா டாக்டர் டெங்குன்னுதான் மொதல்ல நெனைப்பாரு, அவரு மேல தப்பில்ல. நீங்க வாய தெறந்து "நான் ஆப்பிரிக்கால இருந்து வந்திருக்கேன்"னு சொல்லணும், அவரு கேக்கலன்னாலும் சொல்லணும். நம்ம தோப்புக் குழில அனோபிலஸ் இன்னும் இருக்கு, உங்க ரத்தத்துல இருக்கறத அது எடுத்து தெருவுக்கே குடுக்கும். ஆரம்ப சுகாதார நிலையத்துலயும் ராமநாதபுரம் பெரியாஸ்பத்திரிலயும் மலேரியாவுக்கு ரத்தம் பாக்க காசு கெடையாது. மலேரியா ஸ்மியர், அதாவது ரத்தத்த கண்ணாடில தடவி மைக்ராஸ்கோப்ல பாக்குற டெஸ்ட், எடுக்க சொல்லி கேளுங்க, நெகட்டிவ்னு வந்தும் காய்ச்சல் நிக்கலன்னா மறுநாளும், அதுக்கு அடுத்த நாளும் திரும்ப எடுக்க சொல்லுங்க.